வீட்டில் ஒரு மொழி, வெளியே ஒரு மொழி: எந்த வயதில் என்ன செய்வது

முதலில் ஒரு தாளை எடுத்து நேரத்தைக் கணக்குப் போடுங்கள். இரண்டு வயதுக் குழந்தை நாளுக்குச் சுமார் 12 மணி நேரம் விழித்திருக்கும். வாரத்துக்கு 84 மணி. அதில் யார், எப்போது, எந்த மொழியில் அதனிடம் பேசுகிறார்கள் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். "வீட்டில் எங்கள் மொழிதான்" என்று அடித்துச் சொல்லும் குடும்பங்களில்கூட, காப்பகம், திரை, பக்கத்து வீடு, வேலை முடிந்து தாமதமாக வரும் அப்பா எல்லாம் கழித்துப் பார்த்தால் 10 மணி தேறாமல் போவதுண்டு. விழித்திருக்கும் நேரத்தில் கால்பங்குக்குக் கீழே, அதாவது 21 மணிக்குக் கீழே இறங்கிய மொழி பெரும்பாலும் குழந்தைக்குப் புரியும், வாயில் வராது. இது கறாரான எல்லை இல்லை, கைக்கணக்கு. ஆனாலும் "ஏன் பேச மாட்டேன் என்கிறாள்?" என்ற கேள்விக்குப் பாதி விடை இந்தத் தாளிலேயே கிடைத்துவிடும்.

மீதிப் பாதி, தேவை. தன் இரண்டு மொழியும் அப்பாவுக்கு அத்துப்படி என்று தெரிந்துவிட்ட குழந்தை, கஷ்டமான மொழியில் அவரிடம் ஏன் பேச வேண்டும்? அந்த மொழியில் மட்டும்தான் பேச முடியும் என்ற ஆள் ஒருவராவது வேண்டும்: பாட்டி, சித்தப்பா மகள், வாரம் ஒருமுறை விளையாட வரும் பிள்ளை. நேரமும் தேவையும் சேர்ந்தால் மொழி நிற்கும். தொட்டிலில் இருந்து முதுமை வரை இந்தக் கணக்கு மாறுவதில்லை; அந்த மொழி யாருக்காக வேண்டியிருக்கிறது என்பதுதான் வயதுக்கு வயது மாறும்.

பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை

1984ல் கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் 6 முதல் 8 மாதக் குழந்தைகளால் இந்தியில் வரும் 'த', 'ட' வேறுபாட்டைப் பிரித்தறிய முடிந்தது. 10 முதல் 12 மாதத்துக்குள் பெரும்பாலானவர்களிடம் அந்தத் திறன் மங்கிவிட்டது. காது தான் கேட்கும் மொழிக்கு ஏற்பத் தன்னைத் தீட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆகவே "இரண்டாவது மொழியைப் பேச்சு வந்த பிறகு தொடங்கலாம்" என்று தள்ளிப்போட வேண்டாம். பிறந்த நாளிலிருந்தே பேசுங்கள்.

திரையை அந்த நேரக் கணக்கில் சேர்க்காதீர்கள். 2003ல் பட்ரீஷியா கூல் குழுவினர் அமெரிக்காவில் 9 மாதக் குழந்தைகளுக்கு மாண்டரின் மொழியைக் கேட்கவைத்தார்கள்: 25 நிமிடம் வீதம் 12 அமர்வு, மொத்தம் 5 மணி. எதிரே ஆள் உட்கார்ந்து பேசி விளையாடிய குழந்தைகள் அந்த மொழியின் ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அதே பேச்சைத் திரையிலும் ஒலிப்பதிவிலும் கேட்டவர்கள் எதையும் பிடிக்கவில்லை. தாத்தாவுடன் காணொளி அழைப்பு வேறு சங்கதி. அங்கே எதிரில் பதில் சொல்லும் ஆள் இருக்கிறார்.

"அம்மா ஒரு மொழி, அப்பா ஒரு மொழி" என்ற முறை பழையது. பிரெஞ்சு மொழியியலாளர் ஜூல் ரோன்ஜா தன் மகனைப் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் அப்படி வளர்த்து 1913ல் எழுதினார். பலரும் இதைத்தான் ஒரே வழி என்று நினைக்கிறார்கள். ஆனால் 2007ல் அன்னிக் டி ஹவர் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. பெல்ஜியத்தின் டச்சு பேசும் பகுதியில் ஏறத்தாழ 1,900 குடும்பங்களைப் பார்த்தார். ஆளுக்கொரு மொழி பேசிய வீடுகளில் நான்கில் மூன்றில்தான் பிள்ளைகள் இரண்டையும் பேசினார்கள். அம்மா அப்பா இருவருமே வீட்டில் சிறுபான்மை மொழியை, அதாவது வெளியே வழங்காத மொழியை மட்டும் பேசிய வீடுகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் பேசினார்கள். வெளியுலக மொழியைப் பள்ளியும் தெருவும் சொல்லிக்கொடுத்துவிடும். இருவருக்கும் வீட்டுமொழி தெரியும் என்றால் இருவரும் அதையே பேசுங்கள். ஆளுக்கொன்றாகப் பிரிப்பது ஒருவருக்கு மட்டும் தெரிந்த வீடுகளுக்கு.

தனக்குச் சரளம் இல்லாத மொழியில் குழந்தையிடம் பேசச் சொல்லி யாராவது அறிவுறுத்தினால் கேட்காதீர்கள். சரளமில்லாத மொழியில் பெற்றோரின் பேச்சு "வா, உட்கார், சாப்பிடு, கூடாது" என்ற கட்டளைகளோடு நின்றுபோகும். கதை, கிண்டல், காரணம் சொல்வது, கொஞ்சுவது எல்லாம் கழன்றுவிடும். குழந்தைக்கு வேண்டியதே அவைதான்.

சொற்களை எண்ணும்போது இரண்டு மொழியையும் கூட்டி எண்ணுங்கள். 24 மாதத்தில் சுமார் 50 சொற்களும், "பால் வேணும்", "அப்பா வா" போன்ற இரண்டு சொல் சேர்க்கைகளும் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. ஒரு மொழியில் 30, மற்றதில் 25 என்றால் குழந்தை சரியாகத்தான் இருக்கிறது. ஒரு மொழியை மட்டும் எண்ணிப் பார்த்துப் 'பேச்சுத் தாமதம்' என்று முத்திரை குத்துவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

அதேபோல, "இரண்டு மொழி கேட்கிறான், அதனால் தாமதம்" என்று சும்மா இருப்பதும் தவறு. 12 மாதத்தில் மழலை ஒலிகளே இல்லை, 18 மாதத்தில் எந்த மொழியிலும் தனிச்சொல் இல்லை, 24 மாதத்தில் எதிலும் இரண்டு சொல் சேரவில்லை, அல்லது எந்த வயதிலும் வந்த சொற்கள் மறைந்துபோகின்றன என்றால் காத்திருக்க வேண்டாம். முதலில் காது கேட்கும் திறன் பரிசோதனை, பிறகு பேச்சுப் பயிற்சியாளர். அங்கே போகும்போது இரண்டு மொழிச் சொற்பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள். ஒரு மொழியை நிறுத்தச் சொன்னால் காரணம் கேளுங்கள். டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம் உள்ள குழந்தைகளும் இரண்டு மொழியோடு வளர்கிறார்கள். ஒன்றைப் பறிப்பதால் மற்றது வளரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. வீட்டுமொழியைப் பறித்தால் பாட்டி தாத்தாவோடு இருக்கும் பேச்சு அறுந்துபோவது மட்டும் நிச்சயம்.

கேட்டது ஒரு மொழியில், பதில் இன்னொரு மொழியில்

இதில்தான் பெரும்பாலான வீடுகள் கைவிட்டுவிடுகின்றன. நான்கு வயதுப் பேத்தி தாத்தாவிடம் "மை ஷூ இஸ் டைட்" என்கிறாள். தாத்தாவுக்கு ஐந்து வழி உண்டு. மொழியியலாளர் எலிசபெத் லான்சா வகுத்த வரிசை இது. மேலிருந்து கீழே வரவர வீட்டுமொழிக்கான அழுத்தம் குறைகிறது.

1. "என்னம்மா சொன்ன? தாத்தாவுக்குப் புரியலையே." (புரியாததுபோல் நிற்பது)
2. "ஷூ கடிக்குதா?" (ஊகித்து, வீட்டுமொழியில் கேள்வியாகத் திருப்புவது)
3. "அச்சச்சோ, ஷூ கடிக்குது." (அதையே வீட்டுமொழியில் திரும்பச் சொல்வது)
4. "சரி, கழட்டிடலாம் வா." (கண்டுகொள்ளாமல் பேச்சைத் தொடர்வது)
5. "ஓகே, டேக் இட் ஆஃப்." (தானும் மாறிவிடுவது)

நான்காவதும் ஐந்தாவதும் குழந்தைக்குச் சொல்லும் செய்தி ஒன்றே: "நீ எந்த மொழியில் பேசினாலும் காரியம் நடக்கும்." அதிலிருந்து தேவை கரைகிறது. முதலாவது கண்டிப்பானது, தாத்தாவுக்குப் புரியும் என்று குழந்தைக்குத் தெரிந்திருந்தால் அது வெறும் நாடகமாகி, "போ, ஒண்ணுமில்ல" என்று பேச்சே நின்றுவிடும். அழும்போதும் அடிபட்டிருக்கும்போதும் முதலாவதைத் தொடவே கூடாது. அன்றாடத்துக்கு இரண்டாவதுதான் சிறந்தது. "ஷூ கடிக்குதா?" என்று கேட்டால் குழந்தை "ஆமா, கடிக்குது" என்று அந்தச் சொல்லையே வாயில் போட்டுப் பதில் சொல்ல இடம் கிடைக்கிறது. சொல்லே தெரியாத சின்ன வயதில் மூன்றாவது. சொல் தெரியும், சோம்பல்தான் என்று உறுதியானால் அபூர்வமாக முதலாவது. இப்படி நாளுக்குப் பத்துத் தடவை செய்தால் போதும். ஒவ்வொரு வாக்கியத்தையும் பிடித்து இழுத்தால் குழந்தை உங்களிடம் பேசுவதையே குறைத்துக்கொள்ளும்.

இரண்டையும் கலந்து பேசுவது தனிச் சங்கதி, அதைப் பார்த்துப் பதற வேண்டாம். இரண்டு மொழி தெரிந்த பெரியவர்கள் கூடும் இடத்தில் ஒரே வாக்கியத்துக்குள் மொழி மாறுவது சகஜம். மொழியியலாளர் ஷானா பாப்லாக் 1980ல் காட்டியதுபோல, அப்படி வாக்கியத்துக்குள்ளேயே இலக்கணம் குலையாமல் மாற்றுபவர்கள் பெரும்பாலும் இரண்டிலும் தேர்ந்தவர்கள். ஒரு மொழி மட்டும் தெரிந்தவரிடமும் குழந்தை கலந்தே பேசினால்தான் கவனிக்க வேண்டும். அது குழப்பத்தின் அடையாளம் அல்ல, சொல் போதவில்லை என்பதன் அடையாளம்.

பள்ளி தொடங்கும்போது

வீட்டுமொழி மட்டும் தெரிந்து பள்ளிக்குப் போகும் பிள்ளை முதல் சில வாரங்கள், சில சமயம் மாதங்கள், வாய் திறக்காமல் இருக்கலாம். கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். முதல் நாளுக்கு முன் பத்துச் சொற்றொடர்களை மட்டும் பள்ளி மொழியில் பழக்குங்கள்: கழிப்பறை போகணும், தண்ணீர் வேணும், வலிக்குது, வேண்டாம், உதவி பண்ணுங்க, நானும் வரட்டுமா, இது என்னோடது, புரியல, என் பெயர் இது, அம்மா எப்போ வருவாங்க. எழுத்துகள், நிறங்கள், விலங்குப் பெயர்கள் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கழிப்பறை கேட்கத் தெரியாத பிள்ளைக்கு யானையின் பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

பிறகு வருவது நுட்பமான சிக்கல். இரண்டு வருடத்தில் பிள்ளை மைதானத்தில் வெளுத்துக்கட்டும். ஆசிரியரும் பெற்றோரும் "மொழி வந்துவிட்டது" என்று ஓய்ந்துவிடுவார்கள். ஆனால் அரட்டை மொழிக்கு ஏறக்குறைய 2 ஆண்டு போதும், பாடமொழிக்கு 5 முதல் 7 ஆண்டு வேண்டும் என்று இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1980களின் தொடக்கத்திலேயே எடுத்துக்காட்டினார். "என் பந்தைக் குடு" என்று சொல்ல வருகிற வாய்க்கு "ஒப்பிடுக", "காரணம் கூறுக", "அதற்கு நேர்மாறாக" என்பவை புரியாது. கணக்கில் மதிப்பெண் குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது கூட்டல் அல்ல, கேள்வியின் வாக்கியம். அதே கணக்கை வீட்டுமொழியில் சொல்லிப் பாருங்கள். போட்டுவிட்டான் என்றால் குறை கணக்கில் இல்லை.

செய்ய வேண்டியது: அடுத்த பாடத்தில் வரும் ஐந்து முக்கியச் சொற்களை முந்தைய மாலையே வீட்டுமொழியில் விளக்குவது. ஆவியாதல் என்றால் என்ன என்று ஒரு மொழியில் புரிந்த பிள்ளைக்கு மற்ற மொழியில் ஒரு பெயர் மட்டும்தான் புதிது.

வீட்டுமொழி தமிழானால் இன்னொரு படியும் உண்டு. "வந்துட்டாங்க" என்று மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு "வந்துவிட்டார்கள்" கிட்டத்தட்டப் புதுச்சொல். கதைப் புத்தகத்தை எழுதியபடியே வாசியுங்கள், உடனே அடுத்த மூச்சில் பேச்சுவழக்கில் சொல்லுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் பிள்ளை அந்த மாற்றத்தைத் தானே செய்ய ஆரம்பிக்கும். பேச்சுவழக்கை விட்டுவிட்டு ஏட்டுத்தமிழில் வீட்டில் பேசுவது இதற்கு மாற்று அல்ல. பிள்ளை வாயே திறக்காது.

சுமார் 12 வயதுக்கு முன் ஒரு மொழி காதில் விழுவது முற்றிலும் நின்றுபோனால் அது வேரோடு போய்விடக்கூடும். கொரியாவிலிருந்து 3 முதல் 8 வயதில் பிரான்ஸுக்குத் தத்துப்போய் வளர்ந்தவர்களைக் கிறிஸ்தோஃப் பாலியே குழு 2003ல் சோதித்தபோது, அவர்களால் கொரிய வாக்கியங்களை மற்ற அந்நிய மொழிகளிலிருந்து பிரித்தறிய முடியவில்லை. பதின்வயதுக்குப் பிறகு பழக்கம் விட்டால் துருப்பிடிக்கும், ஆனால் தேய்த்தால் திரும்பும். எனவே ஆரம்பப் பள்ளி வயதில் வீட்டுமொழிக்கு நீண்ட இடைவெளி விடாதீர்கள். பதின்வயதில் பெற்றோர் வற்புறுத்தல் எடுபடாது. அந்த மொழி பேசும் அதே வயது நண்பர்கள் இருந்தால் மட்டுமே எடுபடும்.

வளர்ந்தபின் கற்பவர்களுக்கு

வயது போய்விட்டது என்பது அரை உண்மை. 2018ல் ஹார்ட்ஸ்ஹார்ன், டெனன்பாம், பிங்கர் மூவரும் சுமார் 6,70,000 பேரின் ஆங்கில இலக்கணத் தேர்வைப் பார்த்தபோது, இலக்கணம் கற்கும் வேகம் ஏறக்குறைய 17 வயது வரை குறையவில்லை என்று கண்டார்கள். தொடக்க மாதங்களில் வளர்ந்தவர்கள் சின்னப் பிள்ளைகளை முந்துவதும் உண்டு. நெடுங்காலத்தில் பிள்ளைகள் வெல்வார்கள். எத்தனை மணி என்பதற்கு ஓர் அளவு: அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப்பயிற்சி நிலையம் ஆங்கிலம் பேசுபவர் தமிழில் பணிசெய்யும் அளவு தேற ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகுப்பு மணி என்று வைத்திருக்கிறது. "30 நாளில் சரளம்" என்ற விளம்பரத்தை இதோடு வைத்துப் பாருங்கள்.

மொழி கற்பித்தல் ஆய்வாளர் பால் நேஷன் சொல்லும் நேரப் பகிர்வு நடைமுறைக்கு உகந்தது. நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால் கால்மணி கேட்பது, வாசிப்பது. கால்மணி பேசுவது, எழுதுவது. கால்மணி சொல், இலக்கணம், ஒலி. கால்மணி ஏற்கெனவே தெரிந்ததையே வேகமாகச் சொல்லிப் பழகுவது. கடைசியானதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். அதற்கு எளிய பயிற்சி: ஒரே விஷயத்தை 4 நிமிடத்தில் ஒருவரிடம் சொல்லுங்கள், அடுத்தவரிடம் 3 நிமிடத்தில், மூன்றாமவரிடம் 2 நிமிடத்தில். ஆள் கிடைக்காவிட்டால் கைபேசியில் பதிவுசெய்யுங்கள். மூன்றாவது தடவை தயக்கங்கள் உதிர்ந்திருப்பதை நீங்களே கேட்கலாம்.

ஒலிக்கு ஓர் எடுத்துக்காட்டு. குண்டூசிக்கும் குப்பைத்தொட்டிக்கும் ஆங்கிலத்தில் உள்ள சொற்கள் இரண்டையுமே தமிழில் 'பின்' என்றுதான் எழுத முடிகிறது. தமிழர் வாய்க்கு இரண்டு ஒலியும் வரும்: 'பாம்பு' என்று சொல்லிப் பாருங்கள், முதல் ப-வும் இரண்டாம் ப-வும் ஒன்றல்ல. சொல்லில் எந்த இடத்தில் வருகிறது என்பதே ஒலியைத் தீர்மானிப்பதால் காது அதைக் கண்டுகொள்வதில்லை. உதட்டுக்குச் சற்று முன்னால் மெல்லிய தாளைப் பிடியுங்கள். குண்டூசிக்கான ஆங்கிலச் சொல்லைச் சொல்லும்போது காற்று மோதித் தாள் ஆட வேண்டும். குப்பைத்தொட்டிக்கு ஆடக் கூடாது. தமிழ் கற்பவருக்கு இதே தொல்லை வலி, வளி, வழி மூன்றிலும் வரும். வாய்க்கு முன் காதைப் பழக்க வேண்டும்: ஐந்தாறு வேறு வேறு ஆட்கள் அந்தச் சொற்களைச் சொல்லிய பதிவு, எது என்று ஊகிப்பது, உடனே சரியா தவறா என்று தெரிந்துகொள்வது, நாளுக்குப் பத்து நிமிடம். ஒரே குரலில் பழகினால் அந்தக் குரல் மட்டும்தான் பழகும்.

பேச்சில் சறுக்கும் இடங்கள் சில:

புரியாதபோது "என்ன?" என்று கேட்டால் எதிராளி அதே வேகத்தில், அதே வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்வார். "வியாழக்கிழமை எத்தனை மணிக்கு என்றீர்கள்?" என்று விட்டுப்போன துண்டை மட்டும் கேளுங்கள்.

எதிர்மறைக் கேள்விகள் ஆபத்தானவை. "நீங்கள் மாத்திரை போடவில்லையா?" என்பதற்குத் தமிழில் "ஆமாம், போடவில்லை" என்பது சரி. ஆங்கிலத்தில் வெறும் "யெஸ்" என்றால் போட்டுவிட்டேன் என்று எழுதிக்கொள்வார்கள். ஒற்றைச் சொல்லில் நிறுத்தாமல் முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்.

ஆங்கிலத்தில் 15ம் 50ம் தொலைபேசியில் ஒன்றுபோல் கேட்கும். "ஒன்று, ஐந்து" என்று எண்ணெண்ணாகப் பிரித்துத் திருப்பிச் சொல்லிச் சரிபாருங்கள்.

எதிர்ப்பக்கம் இருப்பவருக்கும் வேலை உண்டு. குரலை உயர்த்த வேண்டாம், வாக்கியங்களுக்கு நடுவே நிறுத்துங்கள். வேற்றுமை உருபையும் வினைமுடிவையும் உதிர்த்துவிட்டு "நீ போ, நான் வா" என்று பேசுவது உதவி அல்ல. கேட்பவர் பிடித்துக்கொள்ளும் கொம்பையே ஒடிப்பது. "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் தலையாட்டுவார்கள். "இப்போது என்ன செய்யப்போகிறீர்கள், சொல்லுங்கள்" என்று கேளுங்கள்.

முதுமையில்

இரண்டாம் மொழி முதலில் தடுமாறுவது இரைச்சலில். அமைதியான அறையில் சரளமாகப் பேசுபவர் கூட்டத்தில் விழிப்பார்; காது மந்தமானால் இது கூடும். மறதி என்று முடிவுகட்டும் முன் காதைப் பரிசோதியுங்கள், தொலைக்காட்சியை அணையுங்கள், முகம் தெரிய உட்கார்ந்து பேசுங்கள். சொற்கள் நாக்கு நுனியில் நின்றுபோவது இருமொழியாளருக்கு எந்த வயதிலும் சற்று அதிகம். அது தனியே நோய்க்குறி அல்ல. நினைவுச் சோதனை செய்தால் அவருக்கு வலுவான மொழியில் செய்யச் சொல்லிக் கேளுங்கள். பலவீனமான மொழியில் எடுத்த மதிப்பெண் மொழியை அளக்கும், மூளையை அளக்காது.

இரண்டு மொழி பேசினால் மறதிநோய் வராது என்ற பேச்சுக்கு மூலம் 2007ல் டொராண்டோவில் எல்லன் பியாலிஸ்டாக்கும், 2013ல் ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடியும் செய்த ஆய்வுகள். 648 நோயாளிகளைக் கொண்ட ஹைதராபாத் ஆய்வில் இருமொழியாளருக்கு அறிகுறி சுமார் நாலரை ஆண்டு தள்ளித் தொடங்கியிருந்தது. தள்ளித் தொடங்குவது வேறு, வராமலே போவது வேறு. ஆரோக்கியமானவர்களைப் பல ஆண்டு பின்தொடர்ந்த வேறு ஆய்வுகள் சிலவற்றில் இந்தப் பலன் தெரியவில்லை. மருந்தாக நினைத்து 60 வயதில் மொழி படிக்காதீர்கள். பேச ஆள் இருந்தால் படியுங்கள்.

மறதிநோயில் பலர் பிற்காலத்தில் கற்ற மொழியை விட்டு முதல் மொழிக்குத் திரும்புகிறார்கள். அவர் எந்த மொழியில் பேசுகிறாரோ அதிலேயே பதில் சொல்லுங்கள். "இவங்களுக்கு அது புரியாது, மாத்திப் பேசுங்க" என்று திருத்துவது பலிக்காது, பதற்றம்தான் மிஞ்சும். பராமரிப்பவருக்கு அந்த மொழி தெரியாவிட்டால் வலி, தண்ணீர், குளிர், கழிப்பறை, பயம், போதும், மகள் பெயர் என்று 20 சொற்களைப் பராமரிப்பவர் வாசிக்கும் எழுத்தில் எழுதி, குடும்பத்தார் குரலில் பதிவும் கொடுங்கள். இன்னும் நல்லது, அவர் நலமாக இருக்கும்போதே ஒரு பக்கத் தாள் தயாரிப்பது: எந்த மொழியில் எண்ணுகிறார், எதில் வாசிக்கிறார், வலியை எதில் சொல்வார், வழிபடுவது எதில், பேரப்பிள்ளைகளை என்ன பெயரில் கூப்பிடுகிறார், கண்ணாடி, காதுக்கருவி உண்டா. மருத்துவக் கோப்பின் முதல் தாளாக அது இருக்கட்டும்.

திடீரென்று, சில நிமிடங்களில், ஒரு மொழியோ இரண்டுமோ குழறினால் மொழியைப் பற்றி யோசிக்க வேண்டாம். பக்கவாதமாக இருக்கலாம், உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். பிறகு பேச்சுப் பயிற்சியின்போது இரண்டு மொழியையும் சோதிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் இரண்டும் ஒருசேரத் திரும்பும், சிலருக்கு ஒன்று முந்தும். எது முந்தும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாததால், வசதிக்காக ஒன்றை நிறுத்திவிடக் கூடாது.

மருத்துவரிடம் மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசுவதாக இருந்தால் பேரனையோ மகளையோ நடுவே உட்காரவைக்காதீர்கள். பிள்ளைகள் கெட்ட செய்தியை மழுப்புவார்கள். தாத்தாவும் பேரன் எதிரில் சிறுநீர்ப் பிரச்சினையைச் சொல்ல மாட்டார். துபாஷி என்ற பழைய வேலைக்குப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். அவர் பக்கவாட்டில், சற்றுப் பின்னால் உட்காரட்டும். மருத்துவர் நோயாளியின் கண்ணைப் பார்த்து "உங்களுக்கு எங்கே வலிக்கிறது?" என்று நேராகக் கேட்க வேண்டும், "எங்கே வலிக்கிறதென்று அவரிடம் கேளுங்கள்" என்று அல்ல. இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்துவது நல்லது. மருந்தின் பெயரும் அளவும் வாய்ப்பேச்சில் மட்டும் நிற்காமல் எண்ணால் எழுதப்பட வேண்டும். எழுந்து வருவதற்கு முன், எந்த மாத்திரை, எப்போது, எத்தனை என்பதை நோயாளி தன் மொழியில் திரும்பச் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் அதை மருத்துவருக்குச் சொல்லட்டும்.